தண்ணித்தொட்டிப் படத்தின் மூன்று முத்தங்கள்

காக்கா,

நான் சொல்லப்போகும் இந்தக் கதையை எவனும் நம்ப மாட்டான். நம்பவும் வேண்டாம். இருந்தாலும் சொல்லியே தீருவேன். வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையில் இன்று காலை என் சட்டைப் பையில் அகப்பட்ட சினிமா டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, தோஹா தொழில்பேட்டையின் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் லாரி டயர்கள் சாட்சியாகப் பிரமாணம் செய்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். அந்த டிக்கெட் வாஷிங் மெஷினுக்குள் போய் இரண்டு முறை செத்துப் பிழைத்து வந்திருக்கிறது. எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. சோளப்பொரியின் வெண்ணெய் வாசம் மட்டும் போகவில்லை.

விஷயம் இதுதான். நம்முடைய தண்ணித்தொட்டிப் படத்தை ஹாலிவுட்காரன் மறுபடியும் எடுத்துவிட்டான்.

என் அக்கா மகன் கார்த்திதான் வந்து சொன்னான். இங்கேதான் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். "மாமா, பழைய கிளாசிக் படமாம். இந்தக் காலத்து ஆளுங்களுக்குத் தகுந்த மாதிரி புதுசா எடுத்திருக்கான். வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

"பழச எடுத்தவன் இருக்கானாடா?"

"செத்துருப்பான் மாமா."

"அப்பக் கேக்க ஆள் இல்லன்னு தைரியம்."

மாலில் இருக்கும் தியேட்டர், காக்கா. உட்காரும் நாற்காலியே குலுங்குகிறது. முதல் துப்பாக்கிச் சத்தத்தில் என் கடைவாய்ப் பல் ஆடியது. இரண்டாவதில் முன்வரிசைக்காரனின் விக் எழுந்து நின்று கும்பிட்டது. பழைய படத்தில் கணக்காக ஒன்பது பேர் சாவார்கள். நீங்களும் நானும் விரல் விட்டு எண்ணியிருக்கிறோம். இதில் முதல் பத்து நிமிடத்தில் ஒரு தாலுகாவே காலி. மிச்சம் இருந்தவர்களைக் கொல்ல பக்கத்துத் தாலுகாவிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். பழைய படத்தில் அந்தப் பெண் சமைப்பாள், காயம் கட்டுவாள், கதவோரம் நின்று அழுவாள். இதில் கைக்கு ஒரு துப்பாக்கி, வாயில் ஒரு கத்தி. இருபது பேரை வெட்டிச் சாய்த்துவிட்டு, முகமெல்லாம் ரத்தமாகத் திரும்பி, கதாநாயகனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"பிரதர்."

என் இங்கிலீஷை நான் நம்புவதில்லை. கீழே ஓடிய அரபி எழுத்தைப் பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரிந்த நாலே அரபி வார்த்தைகளில் ஒன்று அது. அகீ. என் சகோதரனே.

என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்து நின்றன. "காக்கா! பாத்தியளா காக்கா!" என்று நான் போட்ட கூச்சலில் திரை கிழிந்ததாகவும், மூன்று பேர் மயங்கி விழுந்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். டார்ச் லைட்டோடு ஓடி வந்த நேபாளி, "அங்கிள், பைட்டியே, பைட்டியே" என்று என் தோளை அமுக்கி உட்காரச் சொன்னான். கார்த்தி முகத்தை மூடிக்கொண்டு, "மாமா, மானம் போகுது" என்றான். அவனுக்கு என்ன தெரியும்? ஹாலிவுட்காரன் மலை போலக் காசைக் கொட்டி எடுத்த படத்தை, சனையா என்று நாம் சொல்லும் இந்தத் தொழில்பேட்டையில் நீங்கள் ஒற்றைக் கட்டைவிரலால் என்றோ எடுத்து முடித்துவிட்டீர்கள்.

மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் ஊர்ப் பேச்சில் அண்ணனுக்குக் காக்கா என்று பேர்; எங்கள் எல்லாருக்கும் நீங்கள்தான் காக்கா. டயர்க் கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில், ஒருத்தன் நுழைந்தால் இன்னொருத்தன் வெளியே நிற்க வேண்டிய அகலத்தில் உங்கள் கேசட் கடை. உலகமே கேசட்டைக் குப்பையில் போட்ட பிறகும் நம் தொழிலாளர் கேம்ப்புகளில் அதுதான் ஓடியது. உள்ளே இரண்டு வீடியோ பெட்டிகள். ஒன்றில் படம் ஓடும், மற்றதில் பதிவாகும். குடும்பத்தோடு இருப்பவர்களும் எடுத்துப் போகிற கடை என்பதால் முத்தம் உங்களுக்கு ஆகாது. முத்தம் வருகிறது என்று தெரிந்தவுடனே உங்கள் கட்டைவிரல் பதிவை நிறுத்தும் பொத்தானில் இறங்கும். நீங்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வீர்கள். டூட்டி முடிந்து உங்கள் கடையே கதி என்று கிடக்கும் நான்தான் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"முடிஞ்சிச்சா மாப்ளே?"

"இன்னும் இல்ல காக்கா."

"இப்ப?"

"ம்ஹூம். இப்பத்தான் சூடு புடிக்கிது."

முத்தம் எப்போதோ முடிந்து, குதிரை தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கும். இன்னும் கொஞ்சம் இழுப்பேன். உங்கள் அவசரத்திலும் என் இழுவையிலும்தான் மோதிரம் போயிற்று, பாதிரியார் போனார், "இவளை மனைவியாக ஏற்கிறேன்" போயிற்று. நம் கேசட்டில் மிஞ்சிய கதை என்ன? சிறையிலிருந்து ஒருவன் தண்ணீரில்லாத ஊருக்குத் திரும்பி வருகிறான். சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் அவனுக்குச் சோறு போடுகிறாள். ஊர்த் தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கும் ரவுடி அவளைக் கீழே தள்ளுகிறான். இவன் ஒவ்வொருத்தனாக அடிக்கிறான். மண்வெட்டியால், சங்கிலியால், கதவால், கடைசியில் தண்ணித்தொட்டிக்குள் ரவுடியை முக்கி முக்கி. பிறகு அவள் வெள்ளை கவுனில் இவன் கையைப் பிடித்துக்கொண்டு மாதா கோயிலுக்குள் நடக்கிறாள். டக். படம் முடிந்தது.

பார்த்தவர்கள் எல்லாம் நம்மூர் ஆட்கள். கல்யாணப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறவன் யார்? அண்ணன். அப்படியானால் மாப்பிள்ளை? கோயில் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கும் குண்டுப் போஸ்ட் மாஸ்டர். அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. "மாப்ள கொஞ்சம் வயசானவரு. ஆனா கெவருமெண்டு உத்தியோகம்" என்று கேம்ப்பில் சம்பந்தம் பேசித் திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

ராசுவுக்கு அது படமே இல்லை. அறந்தாங்கிப் பக்கத்துக் கம்பி கட்டும் ராசு. நின்றால் கதவு மறையும், பேசினால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காது. அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு கம்பெனி லீவு கொடுக்கவில்லை. சைட்டில் கம்பியும் கையுமாக நின்றுகொண்டு, போனில் நாதஸ்வரம் கேட்டவன். தாலி கட்டுகிற நேரத்தில் லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் கடைக்கு வந்து அந்தக் கேசட்டை மட்டும் வாங்கிப் போவான். அடிதடி முழுக்கக் கல்லாக உட்கார்ந்திருப்பான். கோயில் காட்சி வந்ததும் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வான்.

"அண்ணங்காரன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறான் பாருங்க காக்கா."

நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள். நான் விட்டத்தைப் பார்ப்பேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் லால்குடி செல்வம் வந்து சேர்ந்தான். எலெக்ட்ரீசியன். முன்பு ஏதோ கப்பலில் வேலை பார்த்து அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவன். ஒருநாள் ரூமில், ராசு துண்டை வாயில் வைத்த நேரம் பார்த்து, "அண்ணனாவது தங்கச்சியாவது. அவன் அவள வச்சிருக்கான்டா" என்றான்.

படத்தைத்தான் சொன்னான். ராசுவின் காதில் விழுந்தது வேறு.

அடுத்து நடந்ததை வர்ணிக்க ஆயிரம் நாக்கு படைத்த ஆதிசேஷனைக் கூப்பிட வேண்டும். ராசு செல்வத்தைக் கட்டிலோடு தூக்கினான். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவனையும் சேர்த்துத் தூக்கினான். சோற்றுப் பானை பறந்தது. மோர்க்குழம்பு பறந்தது. ஏ.சி. சுவரிலிருந்து கழன்று தன் சொந்த ஊருக்கே போய்விட்டது. நாற்பது பேர் சேர்ந்து பிடித்தும் அடங்கவில்லை. செல்வத்தின் மூக்கு உடைந்து, மேலுதடு கிழிந்து, சட்டை முழுக்க ரத்தம். அப்போதும் வாய் அடங்கினானா? "வர்ற வெள்ளிக்கிழம மத்தியானம் டிவியில இதே படம் முழுசாப் போடுறான். எல்லாரும் பாருங்கடா. அவன் அவளுக்கு முத்தம் குடுக்கறப்ப, இதே வார்த்தைய இவன் மூஞ்சிக்கு நேரா நான் மறுபடி சொல்லல, நான் எங்கப்பனுக்குப் பொறக்கல."

ராசு குனிந்து மூலையில் கிடந்த கம்பித் துண்டு ஒன்றை எடுத்தான். கட்டைவிரல் பருமன், முழங்கை நீளம். அதைத் தன் தலையணைக்கு அடியில் வைத்தான். "சொல்லட்டும்" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் நீங்கள் கடையை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு என்னிடம் பேசியது ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"ராசு அடிச்சா செல்வம் மவுத்து. செல்வம் மவுத்தானா ராசு உள்ள போவான். வெளிய வரமாட்டான். கொலகாரன் தங்கச்சின்னு அந்தப் புள்ளயக் கட்டுன வீட்டுல என்னா பேசுவாஹ? இங்கன ஒரு கேசட்டுல நான் வெட்டுன வெட்டுக்கு அங்கன ஒரு பொண்ணு வாழ்க்க போவணுமா மாப்ளே?"

"டிவிய ஒடச்சிருவமா காக்கா?"

"பக்கத்துக் கேம்ப்புக்குப் போயிப் பாப்பானுவோ. படம் ஓடணும். முத்தம் மட்டும் ஓடக் கூடாது. ஓடலன்னா ரெண்டு பேருக்கும் செயிப்பு இல்ல, ரெண்டு பேருக்கும் தோப்பு இல்ல. கொஞ்ச நாளுல ஆறிப்போவும்."

அந்தத் திட்டத்தைப் போட்ட மூளையை ஏதாவது ராணுவத்துக்குக் கொடுத்திருந்தால் நீங்கள் உலகத்தையே ஆண்டிருப்பீர்கள். நான் கேம்ப் மொட்டை மாடியில் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நீங்கள் கீழே டிவி ரூமில், ஜன்னலோரம் உட்கார வேண்டும். படத்தில் மூன்று முத்தம். எங்கெங்கே என்று உங்கள் கட்டைவிரலுக்கு மனப்பாடம். முத்தம் நெருங்கியதும் நீங்கள், படத்தோடு ஒன்றிப்போனவர் மாதிரி, "யல்லா!" என்று கத்துவீர்கள். நான் டிஷ்ஷைத் திருப்பிவிடுவேன். படம் புள்ளி புள்ளியாகப் போகும். முடிந்ததும் "கலாஸ்!" என்பீர்கள். பழைய இடத்துக்குத் திருப்புவேன். அதற்காக இரும்புக் காலில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தீர்கள். உயிரோடு ஓடும் டிவிப் படத்தை மாடியிலிருந்து வெட்டிய முதல் மனிதர்கள் நாம்தான், காக்கா.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. ஜும்ஆ முடிந்து, பிரியாணி முடிந்து, கேம்ப்பே டிவி ரூமில் அடைந்து கிடந்தது. செல்வம் மூக்கில் பிளாஸ்திரியோடு முன்வரிசையில். ராசு சுவரோரம், மடியில் துண்டு, துண்டுக்குள் கம்பி. ஏணியில் ஏறுவதற்கு முன் நான் கண்ட கடைசிக் காட்சி அது.

மேலே என்ன வெயில்! காக்கைகள் வறுபட்டு விழுந்துகொண்டிருந்தன. டிஷ்ஷில் கை வைத்தால் தோசை சுடலாம். முதல் முத்தம், அவள் காயம் கட்டும்போது. கீழேயிருந்து "யல்லா! ஏந்திரிச்சுப் போயி அடிடா!" என்று உங்கள் குரல். திருப்பினேன். கீழே நாற்பது பேர் "ஏய்ய்ய்" என்று ஊளையிட்டார்கள். "கலாஸ்!" படம் வந்தது. இரண்டாவது, அவன் ரவுடியைத் தேடிக் கிளம்பும்போது. "யல்லா! குதிரய எடுடா!" திருப்பினேன். "கலாஸ்!" வந்தது. செல்வம் எழுந்து நின்று, "இது என்னடா, கரெக்டா அந்த எடத்துல மட்டும் போவுது?" என்றானாம். "காத்து மாப்ளே, காத்து. டிஷ்ஷு ஆடுது" என்றீர்களாம்.

நீங்கள் சொல்லி வாய் மூடவில்லை, நிஜமாகவே புயல் வந்துவிட்டது. சவூதிப் பாலைவனத்தின் மணலில் பாதியை வாரி எடுத்துக்கொண்டு நேரே என்னைத் தேடி வந்த புயல். டிஷ் என்னைத் தூக்கிக்கொண்டு பறக்கப் பார்த்தது. ஒரு கழுகு வேறு வந்து என் தலையில் உட்கார்ந்தது. கை வெந்து கொப்புளம் வெடித்தது. வாயில் மணல், கண்ணில் மணல். அந்தக் காற்றின் ஓலத்தில் உங்கள் குரல் எங்கே போயிற்றோ. நான் கோட்டிலிருந்து அசையவில்லை. கீழே கோயில் காட்சி ஓடியது. மோதிரம் வந்தது, பாதிரியார் வந்தார், மூன்றாவது முத்தம் ஒரு வெட்டும் இல்லாமல் முழுசாக வந்தது. போஸ்ட் மாஸ்டர் கைதட்டினார்.

பிறகு கேட்டது சத்தம். பச்சைக் கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கும் சத்தம்.

செல்வம் சிரித்துக்கொண்டே திரும்பியிருக்கிறான். அந்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்திருக்கிறான். ராசு எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. கம்பி மேலே போனதை மட்டும் பார்த்தார்கள். அது இறங்கிய வழியில் நீங்கள் உங்கள் வலது கையைக் கொடுத்தீர்கள். முழங்கை இருந்த இடத்தில் எலும்பு வெளியே வந்துவிட்டது. நான் ஏணியில் உருண்டு இறங்கி ஓடிவந்தபோது தரையெல்லாம் ரத்தம். ராசு கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்வம் சுவரோடு சுவராகச் சரிந்திருந்தான். அவன் வேட்டி நனைந்திருந்தது. நீங்கள் கீழே கிடந்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னீர்கள்.

"டிஷ்ஷ சரி பண்ண மேல ஏறுனேன். ஏணி வழுக்கிருச்சி. எல்லாரும் பாத்தியள்ல?"

எல்லாரும் ராசு கையிலிருந்த கம்பியையே பார்த்தார்கள்.

"வாயில என்னா கொழுக்கட்டயா? பாத்தியளா இல்லயா?"

"பாத்தம் காக்கா" என்றது மொத்த ரூமும். முதலில் சொன்னவன் செல்வம்.

ஓடி வந்த கேம்ப் பாஸ், "க்யா ஹுவா பாய்?" என்று கேட்டதற்கும், ஆஸ்பத்திரியில் கேட்டதற்கும், பிறகு போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனதற்கும் ஒரே பதில்தான் கொடுத்தீர்கள். ஏணியிலிருந்து விழுந்தேன். அத்தனை பேர் கேம்ப்பில் ஒரு வாய்கூட மாற்றிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் ராசு டூட்டி முடிந்து நேரே உங்களிடம் வந்து, சோறு பிசைந்து, உருட்டி, உங்கள் வாயில் ஊட்டினான். உங்கள் கைலியைத் துவைத்தது செல்வம். இரண்டு பேரும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்காமல் உங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருநாள் நீங்கள் ராசுவிடம் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

"தப்பு என் மேலடா. முத்தத்தப் பூரா வெட்டுனேன், அடியப் பூரா விட்டேன். மாத்தி வெட்டிருக்கணும்."

சும்மா சொல்லவில்லை, செய்தும் காட்டினீர்கள். கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக, இடது கைக் கட்டைவிரலால், அந்தப் படத்தை மறுபடி பதிவு செய்தீர்கள். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. முத்தம் மூன்றும் உள்ளே. அடி, உதை, குத்து, சங்கிலி, மண்வெட்டி எல்லாம் வெளியே. முழுப்படமும் பதினொரு நிமிடம்தான் வந்தது. ராசுவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டீர்கள். துண்டை வாயில் வைக்காமல் கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு ராசு சொன்னான்.

"பரவால்ல காக்கா. பொருத்தமான சோடிதான். அந்தப் போஸ்ட்டு மாஸ்டருக்கு வயசு ரொம்ப அதிகம்."

பின்னால் இருந்த செல்வத்துக்கும் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.

ஆனால் அந்தக் கை திரும்பவில்லை. முழங்கை மடங்கின இடத்திலேயே நின்றுவிட்டது. தொழுகைக்குத் தக்பீர் கட்ட இரண்டு கையையும் தூக்கும்போது இடது கை காது வரைக்கும் போகும், வலது கை தோளைத் தாண்டாது. ஒருநாள் நான் அதைப் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் சிரித்தீர்கள். "கை ஏறாட்டி என்னா மாப்ளே, நிய்யத்து ஏறுமுல. மனசுல உள்ள எண்ணந்தான கணக்கு." சொந்த ஊரான கீழக்கரைக்குத் திரும்பிய பிறகும் அப்படித்தான் தொழுதீர்கள் என்று உங்கள் மகன் சொன்னான். நீங்கள் போன செய்தியையும் அவன்தான் போனில் சொன்னான். அன்று நான் டூட்டியில் இருந்தேன். மையத்து எடுக்கும் நேரத்துக்கு என்னால் வர முடியவில்லை.

தியேட்டரிலிருந்து வெளியே தள்ளப்பட்டவுடன் நான் முதலில் கூப்பிட்டது ராசுவைத்தான். அவன் இப்போது ஊரில் ஆட்டோ ஓட்டுகிறான். தங்கச்சிக்கு இரண்டு பிள்ளைகள்; காலேஜ் போகிறார்களாம். நான் மூச்சு வாங்கச் சொன்னேன். "டே, புதுப்படத்துல அவுங்க அண்ணன் தங்கச்சிதான்டா!"

போனில் எதிர்ப்பக்கம் ஆட்டோ நின்றது கேட்டது. "அப்ப அவன் காக்கா எடுத்த படத்தைத்தான் எடுத்திருக்கான்" என்றான்.

கார்த்தி காரில் வரும்போது கேட்டான். "மாமா, பழைய படத்தத் திரும்ப எடுக்கலாமா, கூடாதா? என்னதான் சொல்றீங்க?" உலக சினிமாவின் உச்ச நீதிமன்றமாக என்னை நானே நியமித்துக்கொண்டு தீர்ப்பு சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். எடுக்கலாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. எடுக்காமல் யாரால் இருக்க முடிகிறது? நாமே அதை இரண்டு விதமாக எடுத்தோம். ஒவ்வொருத்தனும் தனக்குத் தேவையானதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுகிறான். அப்புறம் முகத்தைக் கார் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏனென்றால் அந்த மாடிக் கதையை நான் எத்தனை முறை எடுத்திருக்கிறேன்! முதல் முறை சொன்னபோது வெறும் காற்று. மறு வருஷம் அது புயலாயிற்று. கல்யாண வீடு ஒன்றில் கழுகு சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் சண்டை கூடும், ரத்தம் கூடும், கூட்டம் கூடும். ஒரு துண்டை மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் வெட்டிவிடுவேன். உங்களை மாதிரிச் சுவரைப் பார்த்துக்கொண்டல்ல, நேரே பார்த்துக்கொண்டே வெட்டுவேன்.

இது உங்களுக்கு எழுதுகிற கடிதம். வெட்டாமல் ஓட்டுகிறேன்.

அந்த ரூமில் நாற்பது பேர் இல்லை, பதினாலு பேர். ஏ.சி. எங்கேயும் போகவில்லை. கழுகு இல்லை. மணற்புயல் இல்லை. இலை அசையாத மத்தியானம் அது. அசைவதற்கு அங்கே இலையும் இல்லை. என் கையும் வேகவில்லை. ஏணியில் ஏறும் முன் நீங்கள் நனைத்த சாக்குத் துணியை என் இரண்டு கையிலும் சுற்றி முடிச்சுப் போட்டு அனுப்பினீர்கள். கடைசி வரை அது ஈரமாகவே இருந்தது. மாடி விளிம்பில் குனிந்தால் ஜன்னல் வழியாக ரூமின் ஒரு பாதி தெரியும். ராசுவின் முகம் தெரிந்தது. துண்டு வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது முத்தம் வந்தால் இந்த முகம் எப்படிப் போகும் என்று பார்க்க எனக்கு ஒரு ஆசை. அவ்வளவுதான், காக்கா. வேறு காரணம் எதுவும் இல்லை. ரத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், மயக்க மருந்து தெளிந்த உடனே என்னைக் கேட்டீர்கள். "கேக்கலயா மாப்ளே?"

"கேக்கல காக்கா. காத்து."

நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள். சாக்குத் துணியின் முடிச்சை நான் இன்னும் அவிழ்த்திருக்கவில்லை. "ம்... காத்துதான்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் இருந்த காலம் வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

சனையாவில் ஒரு நாளைக்கு நானூறு தடவை யாராவது யாரையாவது "யல்லா" என்று விரட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். லாரிக்காரன் கத்துவான், ஃபோர்மேன் கத்துவான், ரொட்டிக் கடைக்காரன் கத்துவான். ஒவ்வொரு தடவையும் என் இரண்டு கையும் தானாக எழுந்து, காற்றில் எதையோ பிடித்துத் திருப்பப் போகிறது. பார்த்தவர்கள் வாதம் என்று நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

அன்றைக்கு அந்த மூன்றாவது முத்தத்துக்கு நீங்கள் இரண்டு முறை கத்தினீர்கள். முதல் முறை படத்துக்குக் கத்துகிற மாதிரி. இரண்டாம் முறை படமெல்லாம் இல்லை, என்னைத்தான் கூப்பிட்டீர்கள். "யல்லா மாப்ளே" என்று. இவ்வளவு பெரிய புளுகு மூட்டையில் நிஜமான சின்னத் துண்டு ஒன்று இருக்கிறது. இரண்டும் எனக்குக் கேட்டது, காக்கா.